லேடெக்ஸ் சட்டையும் அமுதவள்ளியின் பத்து விரலும்

அமுதவள்ளி அன்றைக்குச் சிரித்தது தப்புதான். அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் அந்த நேரத்தில் அந்த ஹாலில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் சிரித்திருப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுவாள்.

மலேசியாவில், கிள்ளானை அடுத்த பண்டமாரானில் அவர்களுக்கு ஒரு வரிசை வீடு. கணவர் கமலநாதன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். நாற்பத்தாறு வயது, நல்ல உயரம், கொஞ்சம் தொப்பை, லோரிக்காரர்களிடம் கத்திக் கத்தித் தடித்துப்போன குரல். வீட்டுக்கு வரும்போது அந்தக் குரலைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வருகிற மனிதர். ஒரே மகள் சிந்து ஜூன் மாதம் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

மகள் போன மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. அமுதவள்ளி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்க்கிறாள். சனி, ஞாயிறு கூட்டம் அலைமோதும் என்பதால் அவளுக்கு வியாழன்தான் லீவு. அன்றைக்குக் கமலநாதனும் லீவு போட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா லா" என்றார். அவள் ஹாலில் நியூஸ்பேப்பரை விரித்து, டிவி பார்த்துக்கொண்டே நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அறைக் கதவு திறந்தது. மனிதர் வெளியே வந்து டிவிக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார்.

கீழே வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற வழக்கமான கறுப்பு சிலுவார். மேலே ஒரு முழுக்கைச் சட்டை. துணி இல்லை, ரப்பர். வெள்ளை வெளேரென்று, கழுத்திலிருந்து இடுப்பு வரை உடம்போடு ஒட்டிக்கொண்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் ஈரம் பட்டதுபோல் மினுங்கியது. தொப்பையும் மினுங்கியது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னால் கட்டி, பிறகு பின்னால் கட்டினார்.

"என்னங்க இது," என்றாள் அமுதவள்ளி. "பிளாஸ்டிக் சுத்தி ஐஸ் பெட்டியில வெச்ச கோழி மாதிரி இருக்கீங்க லா."

சொன்னதும் அவளுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சின்னச் சிரிப்பு இல்லை. நெத்திலி நியூஸ்பேப்பரெல்லாம் சிதற, நெத்திலிக் கையாலேயே கண்ணைத் துடைத்து, கண் எரிந்து, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். கமலநாதனும் லேசாகச் சிரித்தார். ஏதோ கேட்டார். அவள் சிரித்து ஓய்ந்து நிமிர்ந்தபோது ஹாலில் ஆள் இல்லை. ஐந்து நிமிடத்தில் கைலியும் பனியனுமாக வந்து உட்கார்ந்து டிவி பார்த்தார்.

அவர் கேட்டது என்ன என்பது மறுநாள் காலை கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் காதில் விழுந்தது. "நல்லா இல்லயா?" என்று கேட்டிருந்தார்.

கமலநாதன் சின்ன விஷயத்துக்கெல்லாம் முணுமுணுக்கிற மனிதர். ரசத்தில் உப்புக் கூடினால் முணுமுணுப்பு, பக்கத்து வீட்டுக்காரன் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் முணுமுணுப்பு. இந்த விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் பார்த்தாள். இரண்டு வாரம் பார்த்தாள். பிறகு சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"அந்தச் சட்டை எங்கங்க?"

"எந்தச் சட்டை?" என்றார் அவர், குழம்பிலிருந்து பார்வையை எடுக்காமல்.

அவ்வளவுதான். இந்த மனிதர் பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் தனக்கென்று ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்தியது அந்த ஒரு நாள்தான். அதற்கு அவள் கோழி என்றாள். இனி இவர் தன்னிடம் எதையுமே காட்ட மாட்டாரோ, வீட்டில் இரண்டே பேர், அதிலும் ஒருவர் பாதிதான் இருப்பாரோ என்று அவள் பயந்தாள். மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் எந்தச் சட்டை என்று கேட்கிறவரிடம் எந்தச் சட்டைக்காக மன்னிப்புக் கேட்பது?

சட்டை அகப்பட்டது தற்செயலாகத்தான். சிந்து தன் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடச் சொல்லி போன் செய்ய, ஸ்டோர் அறையில் பெட்டிகளைத் தள்ளிப் பார்த்தபோது, பழைய சூட்கேஸுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. திறந்தாள். புளித்த வாடை அடித்தது. வியர்வையோடு கழற்றி, அப்படியே நாலாய் மடித்து வைத்திருந்தார். கை மார்போடு ஒட்டி, மார்பு முதுகோடு ஒட்டி, மொத்தமும் ஒரே கட்டியாகக் கிடந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அமுதவள்ளிக்குக் கோபம் வருகிற காரியங்கள் உலகத்தில் இரண்டோ மூன்றோதான். அதில் முதலாவது, உடுத்திய துணியை வியர்வையோடு மடித்து வைப்பது. பதினோரு வருடமாகக் கடையில் வருகிற போகிற ஆன்டிகளிடமெல்லாம் அவள் தொண்டை வற்றச் சொல்லுவது அதைத்தான். பட்டைக் கட்டினால் ஒரு மணி நேரம் நிழலில் காற்றாட விடுங்கள், ஜரிகையை உள்ளே வைத்து மடிக்காதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள். யார் கேட்கிறார்கள். கல்யாணச் சேலையைப் பத்து வருடம் பெட்டியில் போட்டு, மடிப்பில் கிழித்துக் கொண்டுவந்து அழுவார்கள். அப்படிப்பட்டவள் வீட்டிலேயே, அவள் புருஷனே இப்படி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். செய்ய வைத்தது யார் என்பது உடனே நினைவுக்கு வந்தது. கோபம் அப்படியே அவள் பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

பெட்டியின் அடியில் ஒரு அட்டை இருந்தது. ஆங்கிலத்தில் ஏழெட்டு வரி, கீழே ஒரு போன் நம்பர், கோலாலம்பூரின் சேராஸ் பகுதி முகவரி. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மறுநாள் கடைக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்துப் படித்தாள். மெஷினில் போடக்கூடாது. சுடுதண்ணீர் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி சோப்பு போதும். அயர்ன் பக்கமே போகக்கூடாது. வெயில் கூடாது. எண்ணெய் கூடவே கூடாது, பட்டால் ரப்பர் ஊறி இளகிவிடும். மெட்டல் கூடாது. நகம் பட்டால் கிழியும். காய்ந்த பிறகு உள்ளும் புறமும் பவுடர் தூவி, இருட்டில் வைக்க வேண்டும். அமுதவள்ளி தலையை ஆட்டிக்கொண்டாள். எண்ணெயும் வெயிலும் ஆகாத ஒரு பொருளைத் தமிழன் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறாரே என்று கமலநாதனை நினைத்துக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"என்னக்கா, ஏதும் பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று கேட்டாள் கூட வேலை பார்க்கும் மாதவி.

"ஆமா," என்றாள் அமுதவள்ளி. அது பொய்யில்லை.

அன்று சாயங்காலம் வாசனையில்லாத பவுடர் வாங்கினாள். புதன்கிழமை நகத்தை ஒட்ட வெட்டினாள். அந்த நகங்கள் அவளுக்குக் கொஞ்சம் பெருமை, மாதத்துக்கு ஒரு நிறம் பூசுவாள். சேலைக் கடைக்காரிக்கு விரல்தான் முகம் என்று முதலாளியம்மாவே சொல்லுவார். கமலநாதன் சாப்பிடும்போது அவள் கையைப் பார்த்தார். "நகத்தை ஏன் வெட்டிட்டே?" என்றார். "சுசா லா, சேலை நூல்ல மாட்டிக் கஷ்டமா இருக்கு," என்றாள்.

வியாழக்கிழமை காலையில் அவர் வேலைக்குப் போனதும் வழக்கமான வேலைகளை முடித்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதால் வாராவாரம்போல் சாமி அறையிலிருந்த பித்தளைக் குத்துவிளக்கு இரண்டையும், தூபக்காலையும், சின்ன மணியையும் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். விளக்கில் எண்ணெய் இருக்குமே என்ற நினைப்பு வந்தது. எண்ணெய்தான் ஜென்ம விரோதி. ஆகவே கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். மெட்டல் கூடாது என்றதையும் மறக்கவில்லை. வளையலைக் கழற்றினாள், தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தாள், மோதிரத்தைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு சுத்தமாகப் போவார்களா என்பது சந்தேகம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டையை ஊறப்போட்டு, ஒட்டியிருந்ததை ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாகப் பிரித்தாள். அவசரப்பட்டால் கிழியும் என்று கையே சொன்னது. சட்டைக் கை மார்பை விட்டு விலக அரை மணி நேரம் ஆயிற்று. உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். எந்தத் துணியையும் உள்பக்கம் பார்த்து எடைபோடுகிறவள் அவள். தையலே இல்லை. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியது. ஆனால் ஒட்டு எங்கேயும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைச் செய்தவன் வேலை தெரிந்தவன் என்று ஒத்துக்கொண்டாள்.

சட்டையைத் தோளைப் பிடித்துத் தூக்கியபோது இன்னொன்றைப் பார்த்தாள். இடது கை, முழங்கைக்குக் கீழே, வலது கையைவிடக் கொஞ்சம் அகலமாக, லேசாக வளைவாக வெட்டப்பட்டிருந்தது. அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிந்து முதலாம் வகுப்புப் படித்த வருடம் கண்டெய்னர் கதவு அடித்து அவருக்கு இடது கை முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு அது முழுசாக நீளவில்லை. கடையில் வாங்குகிற சட்டை எல்லாம் அந்த இடத்தில் இழுத்துக்கொண்டு நிற்கும். அவர் மடித்து விட்டுக்கொள்வார். அவள் தினமும் அயர்ன் பண்ணும் சட்டைகள். அந்தக் கையை அவள் எப்போதோ மறந்துபோயிருந்தாள். யாரோ ஒருவன் டேப்பை வைத்து அளந்து, அதற்கென்று இடம் விட்டிருந்தான்.

அலசி, சிந்துவின் அறையில் பிளாஸ்டிக் ஹேங்கரில் மாட்டி, ஃபேனைப் போட்டாள். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பி மறுபக்கம் காய விட்டாள். பவுடர் தூவி, அவருடைய கறுப்பு டி-சட்டை ஒன்றைச் சுற்றி, மடிக்காமல் உருட்டி, அதே பெட்டியில், அதே இடத்தில் வைத்தாள். அவளுடைய யோசனை எளிமையானது. என்றாவது ஒருநாள் அவர் பெட்டியைத் திறப்பார். சுத்தமாக இருக்கும். யார் செய்தது என்று கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் பெரிய விஷயங்களெல்லாம் அப்படித்தான் பேசப்பட்டு வந்தன. அன்று சாயங்காலம் அவள் சந்தோஷமாகப் பாயசம் வைத்தாள். விசேஷம் என்ன என்று கேட்டதற்கு, பால் கெட்டுப்போகும்போல் இருந்தது என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை, சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டு வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தாள். சட்டையை விரித்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைச் சட்டை முழுக்கக் காப்பித்தூள் நிறத்தில் விரல் தடம். இரண்டு தோளிலும் நாலு நாலு விரல், முன்னால் ஒரு கட்டை விரல். கழுத்துப் பட்டையில் ஓர் உள்ளங்கை. இடது கையின் வளைவில், அவள் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்ததால், தடத்தின்மேல் தடம். போலீஸ் ஸ்டேஷனில் மை தடவி எடுத்தாலும் இவ்வளவு தெளிவாக வராது. சோப்புப் போட்டாள், போகவில்லை. இன்னும் கொஞ்சம் சோப்பு, போகவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தவள், போதும், இதற்குமேல் கெடுக்காதே என்று தனக்குத்தானே சொல்லி அதை வைத்துவிட்டாள். முதலில் சிரித்தது, இப்போது கறை. அவளுக்கு அழுகை வந்தது, வாய்விட்டே அழுதாள்.

அழுது முடித்ததும் அட்டையில் இருந்த நம்பருக்கு போன் செய்தாள். ஒரு சீனர் எடுத்தார். கொண்டுவாருங்கள், பார்த்தால்தான் தெரியும் என்று மலாயில் சொன்னார். கமலநாதன் வர ஏழு மணி ஆகும். டி-சட்டையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, ரப்பர் சட்டையை மட்டும் கடையின் பெயர் போட்ட காகிதப் பையில் வைத்து, கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்து, எம்ஆர்டி ரயில் பிடித்துச் சேராஸ் போய்ச் சேர்ந்தாள்.

டயர் கடைக்கு மேல்மாடியில் அந்தப் பட்டறை. சீனரின் பெயர் லாய். ஐம்பது வயதிருக்கும், பனியனும் அரைக்கால் சிலுவாருமாக இருந்தார். சுவரோரம் வண்ண வண்ண ரப்பர் தாள்கள் சுருள் சுருளாக நின்றன. அவர் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், பவுடர்கூட அளவாகத்தான் போட்டிருக்கிறீர்கள் என்றார். அமுதவள்ளிக்கு அந்தப் பாராட்டு எரிச்சலாக இருந்தது. கறையைப் பற்றிக் கேட்டாள். செம்பு, பித்தளை ஏதாவது பட்டதா என்றார். இல்லவே இல்லை, வளையலைக்கூடக் கழற்றிவிட்டேன் என்றாள். கழுவுவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்றார். அவள் காலையிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். விளக்கு தேய்த்தேன் என்ற இடத்தில் லாய் கையைத் தூக்கி நிறுத்தினார்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை ரப்பர் துண்டை எடுத்துக் காட்டினார். நடுவில் வட்டமாகக் காப்பி நிறக் கறை. புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு செம்புக் காசை வைத்து எடுத்த கறை அது. சோப்புப் போட்டுக் கழுவிய கையிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அன்றைக்குத் தெரியாது, இரண்டு நாள் கழித்துத் தெரியும் என்றார். அழியாது, ரப்பருக்குள் போய்விட்டது. வேண்டுமானால் தோளையும் முன்பக்கத்தையும் இடது கையையும் வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டித் தருகிறேன், அளவெல்லாம் என்னிடம் இருக்கிறது என்று ஒரு ஃபைலைத் திறந்தார். கமலநாதனின் பெயர், அதன் கீழே இருபத்து மூன்று அளவுகள், மேலே தேதி. தேதி நாலு வருடத்துக்கு முந்தியது.

அமுதவள்ளி தேதியைக் காட்டிக் கேட்டாள். லாய் சிரித்தார். உங்கள் புருஷன் முதல் தடவை வந்தது அப்போதுதான், அளவு கொடுத்தார், ஆர்டர் கொடுக்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வருவார், அந்த நாற்காலியில் உட்காருவார், தாள்களைத் தொட்டுப் பார்ப்பார், அடுத்த தடவை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இந்த வருடம்தான், மகள் படிக்கப் போகிறாள் என்று சொல்லி ஆர்டர் கொடுத்தார். இங்கே யாருடைய மனைவியும் வந்ததில்லை, ஒரே ஒருத்தி வந்தாள், அவளும் கத்திரிக்கோலோடு வந்தாள் என்றார்.

அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். சாதாரண நீல பிளாஸ்டிக் நாற்காலி. சட்டையை விட்டுவிட்டுப் போகிறீர்களா என்று லாய் கேட்டார். அவருக்குத் தெரியாமலே மாற்றி, பெட்டியில் வைத்து, ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். இப்போது அது முடியாது என்று தோன்றியது. "அவரைக் கேட்டுட்டு வரேன்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு மலாயில் சொன்னாள்.

திரும்பும் வழியில் பேய்மழை பிடித்துக்கொண்டது. இடி இடித்தால் யார்டில் கிரேனை நிறுத்திவிடுவார்கள், ஆட்களை அனுப்பிவிடுவார்கள். அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அன்றைக்கு நினைவில்லை. பையை மார்போடு அணைத்து, குடையைப் பைக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் கமலநாதனின் மோட்டார் சைக்கிள் நின்றது. ஸ்டோர் அறையில் லைட் எரிந்துகொண்டிருந்தது.

அவர் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டே, மழையில? சாப்பிட்டியா?"

"இல்லங்க."

"உக்காரு." தட்டில் சோறு போட்டு, முட்டையை வைத்து அவள் முன்னால் நகர்த்தினார். அடுப்பை அணைத்தார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சீக்கிரம் விட்டுட்டாங்க. நீயும் வீட்டுல இல்ல. ஸ்டோர்ல பெட்டியப் பாத்தேன்."

அவள் காகிதப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பரவால்ல அமுதா. நீ தூக்கிப் போட்டது சரிதான். நானே போட்டிருக்கணும். வயசான காலத்துல என்ன அது." குரலில் கோபம் ஒரு சொட்டுக்கூட இல்லை. "டி-சட்டையையாவது விட்டு வெச்சியே," என்று சிரிக்கக்கூடப் பார்த்தார்.

அமுதவள்ளிக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தன் பொருளைப் பெண்டாட்டி குப்பையில் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கே முட்டை பொரித்துப் போட்டு, அதைச் சரி என்று வேறு சொல்லுகிற மனிதரை என்ன செய்வது? தட்டைத் தள்ளினாள். பையிலிருந்து சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"நான் தூக்கிப் போடல. பாருங்க. கெடுத்துட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வரிசையாகச் சொல்ல வரவில்லை. லாயில் ஆரம்பித்து, விளக்குக்குப் போய், நெத்திலிக்கு வந்து, கோழி என்று சொன்ன இடத்தில் நின்று, அதைச் சொன்ன வாயை என்ன செய்யலாம் என்று கேட்டாள். கமலநாதன் சட்டையைத் தூக்கி லைட்டுக்கு நேராகப் பிடித்தார். தோளில் இருந்த விரல்களைப் பார்த்தார். கழுத்துப் பட்டையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தபோது அங்கேயே நின்றுவிட்டார்.

"இதைக் கழுவினது நீயா?"

"ஆமா."

"நகம் வெட்டினது?"

"அதுக்குத்தான்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சட்டை மடியில் கிடந்தது. மழை இன்னும் விடவில்லை. அமுதவள்ளி, ஐந்து வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டாள்.

"ஏங்க, இது உங்களுக்கு ஏன் பிடிக்குது?"

"கேட்டா சிரிப்பே."

"சிரிக்க மாட்டேன்."

அவர் சட்டையின் ஓரத்தை விரலால் நீவினார். "போட்டா, உடம்பு முழுக்க யாரோ கை வெச்சுப் பிடிச்சிருக்கிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல." பிறகு சொன்னார். "யார்டுல நூறு பேர் என்கிட்ட பேசுறான். வீட்டுல நீ எல்லாம் செய்யுறே, சோறு போடுறே, துணி தோய்க்கிறே. தொடுறதுக்குத்தான் யாருக்கும் நேரம் இல்ல. உன்னைக் குத்தம் சொல்லல. எனக்கும்தான் நேரம் இல்ல."

அமுதவள்ளி சிரிக்கவில்லை. அவள் ஒரு நாளைக்கு முப்பது பெண்களின் தோளில் முந்தானை போட்டு, இழுத்துவிட்டு, தட்டிக்கொடுத்து அனுப்புகிறவள். முன்பின் தெரியாத தோள்கள். இந்தச் சட்டையைப் போன வாரம் எத்தனை தடவை தொட்டாள் என்பதற்கு சாட்சி, அதோ அவர் மடியில் கிடந்தது. அதற்குள் இருக்க வேண்டிய மனிதரை அவள் கடைசியாக எப்போது அப்படித் தொட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள். அவருக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்தது நினைவு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எழுந்து போய் பவுடர் டின்னை எடுத்து வந்தாள்.

"பனியனைக் கழட்டுங்க."

"இப்பவா? கறையா இருக்கே."

"இருக்கட்டும். லாய்கிட்ட மாத்தணுமா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம். இது தனியாப் போட சுசாவாம், அட்டையில போட்டிருக்கு. நான் போட்டு விடுறேன்."

கமலநாதன் பனியனைக் கழற்றிவிட்டு, பிள்ளைபோல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சமையலறை நடுவில் நின்றார். இடது கை வலது கை அளவுக்கு உயரவில்லை. அவள் உள்ளங்கையில் பவுடரைக் கொட்டி, முதலில் அந்தக் கையில் தடவினாள். பிறகு தோளில், பிறகு முதுகில். முதுகு அவள் நினைத்திருந்ததைவிட அகலமாக இருந்தது. நடுவில் எப்போது வந்தது என்று தெரியாத ஒரு மச்சம். அவர் லேசாக நெளிந்தார்.

"கை சில்லுனு இருக்கு."

"மழையில வந்தேன்ல, அப்படித்தான் இருக்கும்," என்றாள்.

பவுடர் எப்போதோ போதுமான அளவுக்கு ஆகிவிட்டது. சட்டை நாற்காலியில் கிடந்தது. அவள் கையை எடுக்கவில்லை, அவரும் நகரவில்லை.